திருமறைக்காடு: அடைத்த கதவும் திறந்த வழியும்

சோழவள நாட்டின் தென்கிழக்குக் கோடியில், கடலும் உப்பளமும் சூழ அமைந்த திருத்தலம் வேதாரண்யம். நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூரைத் தேவாரம் திருமறைக்காடு எனப் போற்றும். மறை என்பது வேதம். காடு என்பது ஆரண்யம். காவிரித் தென்கரைத் தலங்களுள் இது 125-ஆவது. சப்தவிடங்கத் தலங்கள் ஏழனுள்ளும் ஒன்று. இறைவர் மறைக்காட்டுநாதர், இறைவி யாழைப் பழித்த மொழியாள். கருவறையில் இலிங்கத் திருமேனிக்குப் பின்னே, அகத்தியருக்குக் காட்டியருளிய திருமணக் கோலத்தைத் தரிசிக்கலாம். திருவாரூர் தேரழகுக்கும் வேதாரண்யம் விளக்கழகுக்கும் பெயர் பெற்றவை.

கதவு திறந்த வரலாறு

நான்மறைகளும் இப்பெருமானைப் பூசித்துத் திருக்கதவை அடைத்துச் சென்றன என்பர். அதன்பின் அடியவர்கள் பக்கத்தே வேறொரு வாயில் வழியாகச் சென்று வழிபட்டு வந்தனர். அப்பரும் சம்பந்தரும் இங்கு எழுந்தருளியபோது, நேர்வாயில் அடைபட்டிருக்கக் கண்டனர். சம்பந்தர் வேண்ட, அப்பர் கதவு திறக்குமாறு பதிகம் பாடினார். ஒரு பாடலில் அது திறக்கவில்லை. இறைவனுக்கு இரக்கமில்லையோ என்று உளமுருகிப் பதிகத்தை நிறைவுசெய்த பிறகே தாழ் நீங்கியது. பின்னர் அடைக்கும்படி சம்பந்தர் பாட, முதற்பாடலிலேயே கதவு அடைபட்டது.

இங்கு உளங்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அப்பர் பெருமான் கதவை உடைக்க முயலவில்லை. பக்கவாயிலே போதும் என்று அமையவும் இல்லை. யாவரும் செல்லும் நேர்வழி திறக்க வேண்டும் என்று நின்று பாடினார். இவ்வூரின் பிற்கால வரலாற்றிலும் இப்பண்பைக் காணலாம்.

பெரியோர்

திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் இவ்வூரினர். தாயுமானவரின் தந்தையார் கேடிலியப்ப பிள்ளையும் இம்மண்ணுக்கு உரியவரே.

1930 ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து புறப்பட்டு, 28-ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தார். வழியில் அவர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என ஆங்கில ஆட்சியர் அறிவித்தார். ஊரார் ஆட்சியரை எதிர்த்துக் கைகலக்கவில்லை. உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துப் பசி தீர்த்தனர். 30-ஆம் நாள் அகத்தியன்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது. இராஜாஜி சிறை புகுந்தார். அறப்போருக்குத் துணைநின்ற இவ்வூர் உப்பு வணிகர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை உடைமை இழந்து சிறை ஏகினார். நாவிதர் வைரப்பன் காவலருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறைத்தண்டனை ஏற்றார். வேதரத்தினம் 1946-இல் தோற்றுவித்த கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கதவைத் திறந்தது.

வரும் வழி

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகத்தியன்பள்ளி வரை மீட்டர் பாதையில் ஓடிய தொடர்வண்டி 2004-இல் நின்றது. அடியவர்கள் பேருந்தையே நம்பி வந்தனர். இடையே 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் இவ்வட்டாரத்துத் தென்னையையும் மாவையும் வேரோடு சாய்த்தது. ஊரார் மீண்டும் கன்று நட்டனர். ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பின், 2023 ஏப்ரல் 8 அன்று 37 கிலோமீட்டர் அகலப்பாதையில் தொடர்வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது.

திருவாரூர் – காரைக்குடி இருப்புப் பாதையில் உள்ள திருத்துறைப்பூண்டியில் இறங்கி இவ்வண்டியில் மாறலாம். நேரத்தை முன்னரே கேட்டறிந்து வருதல் நலம். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களிலிருந்து பேருந்துகளும் உண்டு. மறைக்காட்டை வழிபட்டோர் அருகிலுள்ள அகத்தியன்பள்ளியையும், தெற்கே கோடிக்கரையில் உள்ள குழகர் கோயிலையும் ஒரே நாளில் தரிசிக்கலாம். இரண்டும் தேவாரப் பாடல் பெற்றவை.

அடைத்த வழி உடனே திறவாதபோது மனம் தளர்தல் இயல்பு. அப்பர் பெருமானுக்கும் முதற்பாடலில் கதவு திறக்கவில்லை என்பதை நினைவிற்கொண்டு, அன்பர்கள் அத்திருவாயில் முன் நின்று வழிபட்டு நலம் பெறுவார்களாக.