ஒருதலை அன்பும் நண்பரிடை வாய்மையும்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களுக்குச் சென்று வாழும் தமிழருக்கு நண்பர்களே பாதிச் சுற்றம். தில்லியின் கரோல்பாக்கிலோ மும்பையின் மாதுங்காவிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், கஞ்சி வைத்துக் கொடுக்க அத்தையும் சித்தியும் அங்கே இல்லை. அடுத்த அறை நண்பர்தாம் வர வேண்டும். ஆகவே அயலூரில் அமையும் நட்பு வட்டம் அளவில் சிறிதாயினும் மதிப்பில் பெரிது.

அத்தகைய வட்டத்தில் ஒருவர் மற்றொருவர்மீது காதல் கொண்டு, அக்காதல் திரும்பி வாராவிடின் என்ன செய்வது? சொந்த ஊராயின் நான்கு தெரு தள்ளி நடந்து போகலாம். இங்கோ ஞாயிறுதோறும் அதே ஐந்தாறு முகங்களைக் காண வேண்டும். சொன்னால் நட்பு முறிந்துவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். சொல்லாவிட்டால் பழகுவது முழுதும் பொய்யாகிவிடுமோ என்ற உறுத்தல் மற்றொருபுறம். இந்த நிலையைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். தொல்காப்பியம் வகுத்த அகத்திணைகள் ஏழனுள் முதலாவது கைக்கிளை; இறுதியானது பெருந்திணை. இடையில் நிற்கும் ஐந்தும் ஒத்த அன்பின் பாற்பட்டவை. கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். அதற்குத் தொல்காப்பியர் கூறும் அடையாளம் கூர்ந்து நோக்கத்தக்கது. எதிரே நிற்பவரிடமிருந்து மறுமொழி பெறாமலே, தானே சொல்லித் தானே இன்புறுதல் அதன் குறியாம். இன்றும் நடப்பது அதுவேயன்றோ? அவள் சிரித்தாள், அதற்கு ஒரு பொருள். அவள் சிரிக்கவில்லை, அதற்கும் ஒரு பொருள். வினாவும் விடையும் ஒருவர் உள்ளத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகின்றன. இந்தியில் இதனை 'ஏக்தர்ஃபா பியார்' என்பர். 'தரஃப்' என்பது பக்கம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, பெரிதும் முயலாமல் நேருக்கு நேர் கிடைத்துவிட்ட சொற்களுள் இதுவும் ஒன்று. இந்த உணர்ச்சிக்கு மாநில எல்லை இல்லை போலும்!

ஒருதலை அன்பு கொள்வது குற்றமாகுமா? ஆகாது. பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார் என்னும் சங்கப் புலவர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின்மீது தாம் கொண்ட ஒருதலை அன்பைப் பாடினார். புறநானூற்றில் 83 முதல் 85 வரையுள்ள மூன்று பாடல்கள் அவை. அவற்றில் அவருடைய ஏக்கம் இருக்கிறது. தாய்க்கு அஞ்சுவதும் அவைக்கு நாணுவதும் இருக்கின்றன. தம்மை விரும்பவில்லையே என்று அவனைப் பழிக்கும் சொல் மட்டும் இல்லை. விரும்புவது தம் செயல். அதற்கு அவன் கடன்பட்டவன் அல்லன் என்ற தெளிவை அங்கே காண்கிறோம்.

இத்தெளிவு இல்லாதபோது நேர்வதை நாம் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் தில்லியில் நம் நண்பர் குழு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் கூடுவோம். பிறகு எவரேனும் ஒருவர் வீட்டில் காப்பி. குழுவில் ஒருவர் அலுவலகப் பெண்மணி ஒருவரை உள்ளூர விரும்பினார். சொல்லவில்லை. ஆனால் செய்தார். அவருக்கு எரிவாயு இணைப்பு வாங்கித் தந்தார். அவருடைய பெற்றோர் தமிழ்நாடு விரைவு வண்டியில் வந்தபோது மார்கழிக் குளிரில் புதுதில்லி நிலையத்தில் காத்து நின்றார். வாடகை வீடு தேடி மூன்று ஞாயிறு அலைந்தார். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. ஒருநாள் அப்பெண்மணி தம் திருமணம் நிச்சயமானதை மகிழ்ச்சியோடு அறிவித்தார். நண்பர் வெகுண்டு, "இவ்வளவும் செய்தேனே, எதற்கு என்று நினைத்தீர்கள்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அவர் சற்று நேரம் பேசாதிருந்து பின் சொன்னார்: "உதவி என்று எண்ணி வாங்கிக்கொண்டேன். கடன் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்." அதன்பின் அவர் அக்கூட்டத்துக்கு வரவில்லை.

அந்த ஒரு சொல்லில் நாம் கற்க வேண்டியது முழுதும் இருக்கிறது. மனத்தில் எழும் ஒவ்வோர் உணர்ச்சியையும் வெளியிட்டாக வேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. ஒருவர் தம் அன்பைத் தமக்குள்ளே வைத்துக்கொண்டு, எதிர்பார்ப்பின்றி நண்பராகவே பழகினால் அதில் பொய் இல்லை. ஆனால் செய்யும் உதவிக்கெல்லாம் உள்ளே ஒரு கணக்கு எழுதப்படுமாயின், அது அடுத்தவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் வைத்த பற்று. எதிர்பார்ப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே சொல்லும் கடமையும் தொடங்குகிறது.

சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. தாமே நேரில் சொல்ல வேண்டும், தூது வேண்டா. தனிமையில் சொல்ல வேண்டும். பத்துப் பேர் நடுவே சொல்லி மறுக்க முடியாத நிலையை உண்டாக்கலாகாது. அவர் நோயுற்றிருக்கும்போதோ, நம்மிடம் பணஉதவி பெற்றிருக்கும்போதோ, ஒரே வண்டியில் இரண்டு நாள் பயணம் செய்யும்போதோ சொல்வது முறையன்று. விலகிச் செல்ல வழியுள்ள நேரமே ஏற்ற நேரம். "என் எண்ணம் இது. உங்களுக்கு அவ்வெண்ணம் இல்லையென்றால் அதை நான் ஏற்றுக்கொள்வேன்" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். ஒருமுறை சொல்லிவிட்டால் மறுமுறை சொல்லத் தேவையில்லை.

கேட்பவருக்கும் கடமை உண்டு. நம்மவரிடையே தாட்சணியம் மிகுதி. முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லக் கூசி, 'பார்க்கலாம்' என்று சொல்லிவிடுகிறோம். இந்தியில் 'தேகேங்கே' என்பதும் இவ்வாறே பயன்படுகிறது. சொல்பவருக்கு அது மறுப்பு. கேட்பவருக்கோ அது நம்பிக்கை. ஒரு சொல்லை இருவர் இரண்டு மொழியில் கேட்கிறார்கள். வள்ளுவர் வாய்மை என்பதற்குத் தீமை பயவாத சொல் என்றே இலக்கணம் வகுத்தார். இங்கே தீமை பயவாத சொல், கனிவோடும் ஐயத்துக்கு இடமின்றியும் கூறும் மறுப்பேயாகும். "உங்கள் நட்பை மதிக்கிறேன், அந்த எண்ணம் எனக்கு இல்லை" என்பது அன்று சுடும், ஆயினும் ஆண்டுக்கணக்கில் வேக வைக்காது. அவ்வாறு நேரில் சொல்ல அச்சம் தரும் ஒருவராயின், விளக்கம் கூறாமல் விலகிக்கொள்வதிலும் தவறில்லை.

மறுப்பைக் கேட்டபின் விலகி நிற்பதே ஆண்மை. பெண்மைக்கும் அதுவே அழகு. விடாது பின்தொடர்ந்தால் மனம் இரங்கும் என்று நம் திரைப்படங்கள் பல தலைமுறைகளாகக் காட்டி வந்தன. நாட்டின் சட்டம் வேறு விதமாகக் கூறுகிறது. விருப்பமின்மையைத் தெளிவாக உணர்த்திய பின்னும் ஒரு பெண்ணை ஓர் ஆண் மீண்டும் மீண்டும் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனிக் குற்றமாக்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் அது 78-ஆம் பிரிவு. முதன்முறை குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கைப்பேசியில் ஓயாது செய்தி அனுப்புவதும் இதில் அடங்கும் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

இனி, இடையில் நிற்கும் நண்பர்களின் பொறுப்பு. மேலே கூறிய நிகழ்ச்சியில் நாமும் குற்றமற்றவர் அல்லோம். நண்பரின் எண்ணம் நமக்குத் தெரிந்தே இருந்தது. வேடிக்கையாகக் கண் சிமிட்டினோம். "விடாதே" என்று தட்டியும் கொடுத்தோம். இடித்துரைப்பதையும் நட்பின் கடமைகளுள் ஒன்றாகத் திருக்குறள் வைத்திருக்கிறது. "சொல், இல்லையேல் எதிர்பார்ப்பதை விடு" என்று அவரைத் தனியே அழைத்து ஒருநாள் கூறியிருந்தால், அவருக்கு அவமானமும் அப்பெண்மணிக்கு மனக்கசப்பும் நேர்ந்திரா. நண்பரின் மறைபொருளை ஊரறியச் செய்வது துரோகம். நண்பரிடமே உண்மையை மறைப்பதும் அதற்கு அடுத்த படி.

துயர் ஆறக் காலம் வேண்டும். சில திங்கள் சந்திப்பைக் குறைத்துக்கொள்வது பகையாகாது. புண்ணுக்கு இடும் கட்டு அது. பழைய நட்பு மீளுமா என்றால், மீளலாம். ஆனால் மறுத்தவரும் அதனை விரும்ப வேண்டும். தனியறையில் துயர் தாங்கவொண்ணாது அழுத்துமாயின் உடனே ஒருவரிடம் வாய்விட்டுப் பேச வேண்டும். நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நம் நண்பர் ஓராண்டுக்குப் பின் அப்பெண்மணிக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினார். தாம் செய்தது தவறு என்றும், மறுமொழி வேண்டியதில்லை என்றும் அதில் குறித்திருந்தார். மறுமொழி வரவில்லை; அதனை அவர் குறையாகவும் கொள்ளவில்லை. நாமும் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அந்தக் கடன் இன்றும் நம் கணக்கில் நிற்கிறது.