சைக்கிள் பயணத்துக்கு எந்தப் பாத்திரம்?

சைக்கிளில் நாள்கணக்கில் பயணம் போகிறவர்களிடையே சமையல் பாத்திரம் என்ற பேச்சு எழுந்தால், அது உடனே தராசில் ஏறிவிடுகிறது. நூறு கிராமைக் குறைக்க டைட்டானியம் கோப்பைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள்கூட, அதில் எதைச் சமைக்கப் போகிறோம் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. முதலில் சாப்பாடு, பிறகு பாத்திரம், அதற்குப் பிறகுதான் எடை. குறிப்பாகத் திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரச் சமவெளியில் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

செங்குன்றத்திலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய், திரும்பும்போது கும்மிடிப்பூண்டியைத் தொட்டாலும், வழியில் ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்களைத் தவிர அதிகம் இல்லை. ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்தில் கூடும் அரை கிலோ அதில் 0.5 சதவீதம். மலையேற்றத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 18 விநாடிதான் தாமதமாகும். சமதரையில் அதுவும் இல்லை. அங்கே காலைக் களைக்க வைப்பது எதிர்க்காற்று. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் கறுப்பு ஹெர்குலிஸ் வண்டி தானே ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். அதன் கேரியரில் பால் கேனையும் மீன் கூடையையும் கட்டிக்கொண்டு மனிதர்கள் தினமும் பிழைப்பு நடத்திய நிலம் இது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? டைட்டானியம் உறுதியானது என்பதால் அதை மெல்லிய தகடாக அடிக்க முடிகிறது, எடை குறைகிறது. ஆனால் சூட்டைப் பரப்புவதில் அது மந்தம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். சிறிய கேஸ் அடுப்பின் தீ பாத்திரத்தின் நடுவில் மட்டும் படும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: டைட்டானியத்தில் வைத்த ரவை உப்புமா நடுவில் கருகி, ஓரத்தில் வேகாமல் நிற்கும், இண்டாலியம் என்னும் கொஞ்சம் தடிமனான அலுமினியக் கலவைப் பாத்திரத்தில் ஒரே சீராக வேகும். காபிக்கு வெந்நீர் மட்டும் போதும் என்பவருக்கு டைட்டானியம் சரி. சோறும் கஞ்சியும் வேண்டுமென்றால் இண்டாலியம். புளி, தக்காளி சேர்ப்பவர் எவர்சில்வரையோ அனடைஸ் செய்த அலுமினியத்தையோ எடுப்பது நல்லது, வெறும் அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். எதுவானாலும் மூடி கட்டாயம். அது மிச்சப்படுத்தும் கேஸும் எடைதானே. நம் வீட்டுத் தூக்குவாளியையே பாருங்கள்: இறுக்கமான மூடி, தூக்கக் கைப்பிடி, உள்ளே அரிசியையோ அடுப்பையோ வைத்துக் கட்டிக்கொள்ள இடம்.

சிறு எடைகள் சேர்ந்துதானே பெருஞ்சுமை ஆகிறது என்று கேட்பார்கள். உண்மைதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு கிலோவும் காலுக்குத் தெரியும். ஆனால் குறைக்கத் தொடங்க வேண்டிய இடம் வேறு: தேவைக்கு மேல் சுமக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாக ஒரு கிலோ. இன்னும் உயரே போனால் கணக்கே தலைகீழாகிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு லேசில் வேகாது. எடை மிக அதிகமாக உறுத்தும் அந்த ஊரில்தான், கனமான குட்டி பிரஷர் குக்கர் தன் இடத்தை நியாயப்படுத்துகிறது.

வழியெல்லாம் டீக்கடையும் மெஸ்ஸும் இருக்கையில் சமையல் எதற்கு என்பது வலுவான கேள்வி. கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியும் கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் பசியோடு நிற்க வேண்டிய அவசியமில்லை. கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்பவர் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடலாம். அவசரத்துக்கு ஊறவைத்தால் போதும் என்ற அவல் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர் ரயிலில் வந்து அங்கிருந்து மிதிக்க நினைப்பவருக்கும் இதுவே சரி, கேஸ் குப்பியை ரயிலில் ஏற்றக் கூடாது. ஆனால் சர்க்கரை நோயாலோ வயிற்றுக் கோளாறாலோ கடைச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டியவருக்குக் கேழ்வரகு மாவும் அதைக் கிளற ஒரு தடித்த சட்டியும் ஆடம்பரமல்ல. அவர் எடையைக் குறைக்க விரும்பினால் மாற்றுத் துணியில் ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பட்டும்.