ஸ்பேர்ஸுக்கு வாங்கிய காரைப் பிரித்தாயிற்று, அதன் ஆர்.சி. என்ன ஆயிற்று?

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். வீட்டில் ஓரளவு முழுசாக ஒரு கார் நிற்கும். அதற்குக் கதவும் கண்ணாடியும் கியர்பாக்ஸும் தேவைப்படும். எங்கேயோ தோப்பு வீட்டில் வருஷக்கணக்காக மழையில் கிடந்த இன்னொரு ஹெரால்டைச் சொற்ப விலைக்குப் பேசி லாரியில் ஏற்றி வந்துவிடுவார்கள். வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து, பல சமயம் அதுவும் கிடையாது. வேண்டியதைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தக் காரின் ஆர்.சி. புத்தகம் விற்றவர் வீட்டு பீரோவில் கிடக்கும். அரசாங்கப் பதிவேட்டில் அந்தக் கார் இன்னும் உயிரோடு இருக்கும்.

அப்படி இருக்கும் பதிவு எண்ணையும் சேஸிஸ் தகட்டையும் வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். திருட்டு வண்டிக்கும் ஆவணமில்லாத வண்டிக்கும் அந்த எண்ணை மாட்டினால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராது. அது எங்காவது ஒருவர் மேல் மோதினால் போலீஸ் தேடி வருவது பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான். 'எப்போதோ விற்றுவிட்டேன்' என்ற பதில் அங்கே எடுபடாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்கிறவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள்.

வாங்குகிறவருக்கு வேறு ஆபத்து. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கி வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. ரசீது இல்லை, ஆர்.சி. இல்லை, விற்றவர் முகவரியும் தெரியாது என்றால், சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்? சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் ஒரு கார்புரேட்டரை உதிரியாக வாங்குவது வேறு, சேஸிஸ் எண்ணோடு ஒரு முழுக் காரை வாங்கிப் பிரிப்பது வேறு.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் காரிலுள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். துருவைச் சுரண்டி, எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் அந்த எண்களைக் கொடுத்தால், திருட்டு வண்டிப் பட்டியலில் உள்ளதா என்று தெரிந்துவிடும். தடையில்லை என்கிற அறிக்கையை அச்செடுத்து வையுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், எத்தனை வருஷப் பழைய கடனானாலும், படிவம் 35 தந்து அதை நீக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் அவர் மகன் போடும் கையெழுத்துக்குத் தனியாக மதிப்பில்லை. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். ஸ்பேர்ஸ் கார்களில் பெரும்பாலானவை இப்படி அப்பா விட்டுப்போனவை. இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

அடுத்ததுதான் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55-ன்படி, ஒரு வாகனம் அழிந்துவிட்டாலோ இனி ஒருபோதும் பயன்படாத நிலையை அடைந்தாலோ, உரிமையாளர் பதினான்கு நாட்களுக்குள், அல்லது முடிந்த அளவு விரைவாக, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அலுவலகம் பதிவை ரத்து செய்யும். இதைச் செய்ய வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். நீங்கள் வாங்கிப் பிரித்துவிட்டு, உங்கள் பெயரில் இல்லாத ஆர்.சி.யோடு போய் நின்றால் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். எனவே இரண்டில் ஒன்று: விற்பவரே ரத்துக்கு விண்ணப்பித்து, ஆணையின் நகலோடு காரைத் தர வேண்டும், அல்லது படிவம் 29, 30 கொடுத்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு நீங்கள் ரத்து செய்ய வேண்டும். எந்த வழியானாலும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை ஸ்பானரைக் கையில் எடுக்காதீர்கள். எண் பொறித்த சேஸிஸ் துண்டைக் கொண்டுவரச் சொல்லும் அலுவலகங்களும் உண்டு. அந்தத் துண்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் பிறகு தேடி அலைந்து பயனில்லை.

கழற்றியது போக மிஞ்சும் கூட்டை, 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகனக் கழிவு மையத்தில் ஒப்படைப்பதே நல்லது. ஒப்படைத்ததற்கு ஒரு சான்றிதழ், உடைத்து முடித்ததற்கு ஒரு சான்றிதழ் என இரண்டு தருவார்கள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பாகங்கள் கழன்ற காரை ஏற்பார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெரால்டு விஷயத்தில் ஒரு தனி எச்சரிக்கை. பெருங்களத்தூர் ஆலையில் 1961 முதல் தயாரான இந்தக் காரில் பாடி வேறு, சேஸிஸ் வேறு. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடியை அப்படியே தூக்கிவிடலாம். அதனாலேயே, நம் காரின் சேஸிஸ் துருவில் போயிருந்தால் ஸ்பேர்ஸ் காரின் சேஸிஸை மாற்றிவிட மெக்கானிக்குக் கை அரிக்கும். அதோடு நிற்காமல், பழைய எண்ணை மாற்றிய சேஸிஸில் பொறித்துவிடலாம் என்றும் சொல்வார். சம்மதிக்காதீர்கள். சேஸிஸ் எண்ணைத் திருத்துவது குற்றம். கார் பறிமுதலாகும், மாட்டுவது உரிமையாளர். துருப்பிடித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து, எண் உள்ள பகுதியைத் தொடாமல் வெல்டிங் செய்வதே சரி. செலவு கூடும்தான். ஆனாலும் எண்ணைத் தொடாதீர்கள்.

சேஸிஸை மாற்றாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஐம்பது வயது கடந்த கார்களுக்கு 2021 முதல் 'வி.ஏ.' வரிசையில் விண்டேஜ் பதிவு தருகிறார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்து மறுபதிவுக்கு 5,000. சேஸிஸோ பாடியோ என்ஜினோ பெரிய மாற்றத்துக்கு உள்ளாகியிருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அந்தப் பதிவு பெற்ற காரை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

ஸ்பேர்ஸ் காரின் என்ஜினை மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 குறுக்கே வரும். முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கி, மாற்றிய பிறகு புதிய என்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ-யின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் எண்ணைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் விபத்து நாளில் கம்பெனி கையை விரிக்கும். ஸ்டாண்டர்ட் கெஸல் காரை ஸ்பேர்ஸுக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க: என்ஜின் ஒன்றுதான், ஆனால் பின் ஆக்சில் அமைப்பு வேறு. அது ஹெரால்டில் நேராக உட்காராது.

பிரிக்கும்போது முதலில் பேட்டரி, அடுத்து பெட்ரோல். காலி டேங்க் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள், உள்ளே தங்கிய ஆவிதான் வெடிக்கும். டேங்கை வெளியே எடுத்து அப்புறப்படுத்தாமல் கேஸ் கட்டிங் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். முன்புறக் காயில் ஸ்பிரிங்கும் பின்புறப் பட்டை ஸ்பிரிங்கும் விசையோடு நிற்பவை. அதற்குரிய கருவியில்லாமல் கை வைத்தால் விரல் போகும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கம்ப்ரஸரால் ஊதினால் அந்தத் தூசு நுரையீரலுக்குப் போய்ப் புற்றுநோய் தரும். ஈரத்துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள், கூட வேலை செய்யும் பையன்களையும் போடவையுங்கள். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுகிற வழக்கத்தை இன்னும் எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருப்பது? கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

கடைசியாக அலுவலகம். 'இந்த நம்பர் கம்ப்யூட்டரிலேயே இல்லை சார், பிரித்துப் போட்டுவிட்டுப் போங்கள்' என்று கவுன்ட்டரில் சொல்கிறார்கள். சட்டம் கேட்கிற வேலையைச் செய்ய வந்தவரிடம் இப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. பழைய பதிவேட்டில் இருந்து கணினியில் ஏற்றித்தரும்படி ஆர்.சி. நகலோடு எழுத்தில் கேளுங்கள். வரி பாக்கி இருந்தால் கட்டி ரசீது வாங்குங்கள். மனுவை வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன், 'என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் உள்ளது' என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் இன்னொரு மனு கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்து ஆணை கைக்கு வந்ததும், பரிவாஹன் இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆணை போட்டுவிட்டுக் கணினியில் ஏற்ற மறந்துவிடுவதும் நடக்கிறது. பதிவு ரத்து என்று திரையில் வரவில்லை என்றால், ஆணை நகலுடன் அதே அலுவலகத்துக்குத் திரும்பப் போய்ப் பதிவேற்றச் சொல்லுங்கள்.