டீயா, காபியா, இரண்டுமா?

எங்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ‘பப்மெட் தேடல் பயிற்சி’ என்று நோட்டீஸ் ஒட்டினால் கூட்டம் வந்துவிடும். ஆர்வத்தால் இல்லை, தீசிஸ் கைடு போகச் சொல்லியிருப்பார். உட்கார்ந்த பிறகு முகங்களைப் பார்த்தாலே தெரியும்: கூகுளில் தேடத் தெரிந்த நமக்கு இந்த ஆள் புதிதாக என்ன சொல்லித்தரப் போகிறார்? நான் ஒன்றும் பேசாமல் கீபோர்டை அவர்கள் பக்கம் நகர்த்திவிடுவேன். ‘உங்க தலைப்பை நீங்களே தேடிக் காட்டுங்க டாக்டர்.’

போன முறை அப்படி முன்வந்தவர் பொது மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு. தலைப்பு, பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து எவ்வளவு கொடுப்பது. வார்டில் எல்லாரும் அந்த மருந்தை ஏ.எஸ்.வி. என்பார்கள், ஆன்டி ஸ்நேக் வெனம். அவரும் அந்த மூன்றெழுத்தை அடித்து என்டரைத் தட்டினார். மளமளவென்று வந்து விழுந்தது. ஒரு கட்டுரை, தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்களுக்கு முகத்தில் மாட்டும் கருவியைப் பற்றியது. அதன் பெயர் அடாப்டிவ் செர்வோ வென்டிலேஷன். இன்னொன்று குடல் பாக்டீரியா ஆராய்ச்சி. அங்கே ஆம்ப்ளிகான் சீக்வன்ஸ் வேரியன்ட். சுருக்கினால் எல்லாமே ஏ.எஸ்.வி. மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, ‘சார், பாம்பைக் காணோம்’ என்றார்.

பாம்பு அங்கேதான் இருக்கிறது, வேறு பெயரில். இதைப் புரியவைக்கத்தான் இரண்டு மணி நேர வகுப்பு.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டை நடத்துவது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம், மேரிலாண்டில் பெதஸ்டா என்ற ஊரில் இருக்கிறது. வேர் பழையது. ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவர் 1879-இல் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்று மருத்துவக் கட்டுரைகளுக்கு ஓர் அட்டவணை தொடங்கினார். 1964-இல் அந்த வேலை கணினிக்கு மாறியது. 1996-இல் பப்மெட் வந்தது, அடுத்த ஆண்டே எல்லாருக்கும் இலவசமானது. அச்சு அட்டவணை 2004-இல் நின்றது. இப்போது பப்மெட்டில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். இத்தனைக்குள் நமக்கு வேண்டிய நாற்பதை எடுக்க வேண்டும்.

ஒருவரை வீட்டில் ராஜு என்பார்கள், ஆபீசில் கே.ஆர். என்பார்கள், ஊரில் வாத்தியார் மகன். ரேஷன் கார்டில் மட்டும் ஒரே பெயர்தான். 1960 முதல் பெதஸ்டா நூலகம் கட்டுரைகளுக்கு அப்படி ஒரு ரேஷன் கார்டு பெயர் கொடுத்து வருகிறது. அந்தப் பெயர்ப் பட்டியலுக்கு மெஷ் என்று பெயர். கட்டுரை எழுதியவர் ஆன்டிவெனம் என்றாலும் ஆன்டி ஸ்நேக் வெனம் என்றாலும் மெஷ்ஷில் அது ‘ஆன்டிவெனின்ஸ்’. பாம்புக்கடிக்கு ‘ஸ்நேக் பைட்ஸ்’. அதற்கு மேலே ‘பைட்ஸ் அண்ட் ஸ்டிங்ஸ்’ என்ற பெரிய தலைப்பு. அதைக் கேட்டால் தேள், சிலந்தி எல்லாம் குடும்பத்தோடு வந்துவிடும். வேண்டாமென்றால் ஒரு படி கீழே இறங்கிக் கேட்க வேண்டும்.

அப்படியானால் மெஷ் மட்டும் போதுமா என்று யாராவது கேட்பார்கள். போதாது. பப்மெட்டில் இருக்கிற எல்லாப் பதிவுக்கும் ரேஷன் கார்டு கிடையாது. மெஷ் ஏற்றப்படும் இதழ்களின் பட்டியலான மெட்லைனில் சேராத இதழ்களின் கட்டுரைகளும் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்கு மெஷ் ஏறாது. ஆகவே ரேஷன் கார்டு பெயரையும் போடுங்கள், கூப்பிடு பெயர்களையும் போடுங்கள். எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். நாம் பிரிட்டிஷ் முறையில் படித்தவர்கள், ‘அனீமியா’வில் ஓர் எழுத்து கூடுதலாகப் போடுவோம், அமெரிக்கர்கள் போடமாட்டார்கள். சும்மா அடித்தால் பப்மெட் பல நேரம் தானே சரிசெய்துகொள்ளும். தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடு என்று கட்டளை போட்டுவிட்டால் அந்த உதவி நின்றுவிடும். இரண்டு வடிவத்தையும் நாமே எழுத வேண்டும்.

இந்த இடத்தில் டீ வந்துவிடும். டீ வைத்துத்தான் அடுத்த பாடமும்.

பெயர்களைச் சேர்க்க ‘அண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ என்று மூன்று சொற்கள். இவை நம் பேச்சுக்கு நேர் எதிராக வேலை செய்வதால்தான் குழப்பம். ‘டீயோ காபியோ கொண்டு வா’ என்றால் ஏதோ ஒன்றுதான் வரும். ‘டீயும் காபியும் கொண்டு வா’ என்றால் இரண்டும் வரும், தட்டு நிறையும். பப்மெட்டில் கேட்பது பானத்தை இல்லை, குடிக்கிற ஆட்களை. டீ ‘ஆர்’ காபி என்றால் டீ குடிப்பவர், காபி குடிப்பவர், இரண்டும் குடிப்பவர் என்று அறையே எழுந்து நிற்கும். டீ ‘அண்ட்’ காபி என்றால் இரண்டையும் குடிக்கிற நாலைந்து பேர்தான் நிற்பார்கள். வகுப்பில் உண்மையிலேயே எழுந்து நிற்கச் சொல்லிவிடுவேன். ஒருமுறை நின்றவர்களுக்கு மறப்பதில்லை.

‘நாட்’டில்தான் ஆபத்து. டீ ‘நாட்’ காபி என்றால் காலையில் காபியும் மாலையில் டீயும் குடிக்கிற நான் வெளியே போய்விடுவேன். குழந்தைகளைப் பற்றி மட்டும் வேண்டும் என்று ‘நாட்’ போட்டுப் பெரியவர்களைத் தள்ளினால், இரு தரப்பையும் ஆராய்ந்த நல்ல கட்டுரையும் சேர்ந்து போகும். என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதம் அந்தச் சொல்லைத் தொடாமலே இருக்கலாம்.

பிராக்கெட்டும் முக்கியம். பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும். பாம்புக்கடி ‘அண்ட்’ ஆன்டிவெனம் ‘ஆர்’ ஆன்டிவெனின் என்று பிராக்கெட் இல்லாமல் எழுதினால், கடைசிச் சொல் பாம்பை விட்டுத் தனியாகக் கழன்று, சிலந்தி மருந்தையும் தேள் மருந்தையும் இழுத்துவரும். ஒரே பொருளுக்கான பெயர்களை ‘ஆர்’ போட்டு ஒரு பிராக்கெட்டில் அடையுங்கள்; பிறகு பிராக்கெட்டுகளை ‘அண்ட்’ போட்டுக் கோத்துவிடுங்கள். எந்தெந்த பிராக்கெட் வேண்டும் என்பதற்கு பீகோ என்று நாலு எழுத்துச் சட்டகம் உண்டு: நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு. புத்தகத்தில் நாலையும் போடச் சொல்வார்கள். நான் முதல் இரண்டோடு நிறுத்தச் சொல்வேன். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கு கட்டுரைக்குள் இருக்கும், சுருக்கத்தில் அந்தச் சொல்லே இருக்காது.

‘ஃபுல்லா தேடிட்டேன் சார், ஒண்ணுமே இல்ல’ என்று யாராவது சொன்னால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கதையை எடுப்பேன். 2001-இல் அங்கே ஆஸ்துமா பற்றிய ஆய்வு ஒன்று. ஆரோக்கியமான தன்னார்வலர்கள் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய ரத்த அழுத்த மருந்தை மூச்சில் இழுக்க வேண்டும். ஆய்வாளர் பப்மெட்டில் பார்த்திருந்தார். அன்றைய பப்மெட் பெரும்பாலும் 1966-க்கு முன்னால் போகாது. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை 1950-களின் இதழ்களில் கிடந்தது. மருந்தை இழுத்த 24 வயதுப் பெண் சில வாரங்களில் நுரையீரல் செயலிழந்து இறந்தார். அந்தத் தேடல் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். அனுமதி கொடுத்த குழுவும் இருந்தது, வேறு குறைகளும் விசாரணையில் வந்தன. ஆனால் செய்தி வெளியானதும் மருத்துவ நூலகர்கள் தேடி, அந்தப் பழைய கட்டுரைகளை எடுத்துக் காட்டிவிட்டார்கள். இதைச் சொல்லி முடிக்கும்போது அறையில் டம்ளர் வைக்கிற சத்தம்கூட வராது.

ஃபில்டர்கள் பற்றி விரிவாகச் சொல்ல நேரமிருக்காது. ‘மனிதர்கள் மட்டும்’ என்ற பெட்டியை டிக் செய்தால் மெஷ் ஏறாத கட்டுரைகள் எல்லாம் மறைந்துவிடும், ஏனென்றால் அது மனிதரா எலியா என்று பார்ப்பது மெஷ் பெயர்களில்தான். இதை மட்டும் சொல்லிவிடுவேன். சிகிச்சைக் கேள்வியென்றால் முதலில் சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் நூலகத்தை ஒரு பார்வை பாருங்கள் என்பேன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2007-இல் சந்தா கட்டி அதை நாடு முழுவதற்கும் திறந்துவிட்டது.

அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவு சிஸ்டர் ஒருவர் மட்டும் நின்றார். அவர் தலைப்பு படுக்கைப் புண். நான் கற்ற வித்தையைக் காட்டினேன்: பெட்சோர், பிரஷர் சோர், டெகுபிட்டஸ் அல்சர், பிரஷர் அல்சர், 2016-க்குப் பிறகு பலரும் எழுதுகிற பிரஷர் இஞ்சுரி. ஐந்தையும் ‘ஆர்’ போட்டுக் கோத்து, மெஷ் பெயரையும் சேர்த்து, பிராக்கெட்டை மூடினேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

‘சார், எங்க யூனிட்ல நிறைய பேருக்கு முதுகுல வர்றதில்ல. ஆக்சிஜன் மாஸ்க் அழுத்தி மூக்குத் தண்டுல வருது. அது இதுல வருமா?’

நான் யோசித்தே இருக்கவில்லை. பிராக்கெட்டைத் திரும்பத் திறந்தேன். மாஸ்க், மூக்குப் பாலம், டிவைஸ் ரிலேடட் என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். டியூப் போட்டால் உதட்டோரத்தில், சாச்சுரேஷன் கிளிப்பால் விரலில் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஆறிப்போன டீயை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, ‘மெதுவா சொல்லுங்க சிஸ்டர், ஒண்ணொண்ணா எழுதிக்கிறேன்’ என்றேன்.