ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும்: கணிப்பது எப்படி?

சர்க்கரை வியாதிக்கு ரத்தம் எடுக்கிறார்கள். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஆட்டிசத்துக்கும், ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்கும் அந்த மாதிரி ஒரு சோதனை இன்றுவரை கிடையாது. ரத்தத்தில் தெரியாது, ஸ்கேனில் தெரியாது. குழந்தையைப் பார்த்து, விளையாட விட்டு, பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரித்து, அளவுகோல் படிவங்களை நிரப்பித்தான் மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். நம்மவர்களுக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை. "ஒரு ஸ்கேன்கூட எடுக்கலே, சும்மா பேசிட்டு எப்படி சார் சொல்றாங்க?" என்று நம் செகந்திராபாத் குடும்பங்களிலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால் சிலர் மருத்துவர் சொன்னதை நம்பாமல் மூன்று நான்கு வருஷங்களைக் கழித்துவிடுகிறார்கள். குழந்தையின் மூளை வேகமாகப் பழகிக்கொள்ளும் வருஷங்கள் அவை.

முதலில் பெயர் வந்த கதை. ஆட்டிசம் என்ற சொல்லைச் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் பிளாய்லர் 1911 வாக்கில் வேறொரு நோயை விவரிக்கப் பயன்படுத்தினார். 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இன்று நாம் அறிந்த பொருள் வந்தது. அடுத்த வருஷமே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நன்றாகப் பேசத் தெரிந்தும் பிறரோடு ஒட்டாத சிறுவர்களைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தில் லார்னா விங் 1981இல் எடுத்துச் சொன்ன பிறகே ஆஸ்பெர்கர் பெயர் ஆங்கில உலகில் பரவியது. விங் அம்மையாரின் மகளுக்கே ஆட்டிசம் இருந்தது.

இடையில் ஒரு பெரிய அநியாயம் நடந்தது. தாய் பாசமில்லாமல் வளர்த்ததால் குழந்தை இப்படி ஆனது என்று ஒரு கொள்கை கிளம்பியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே எழுதி அதைப் பரப்பினார். அதற்கு முன்பே, 1964இல், ஆட்டிசம் உள்ள பையனின் தகப்பனாரான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று வாதாடியிருந்தார். ஆராய்ச்சி அவர் பக்கம்தான் நின்றது. ஆனாலும் நம் வீடுகளில் அந்தப் பழைய பழி இன்னும் போகவில்லை. "அம்மா ஆபீஸ் போறா, ஆயாகிட்ட விட்டா, அதான் பேச்சு வரலே" என்று சொல்கிற மாமியார்களை நாம் எல்லோரும் அறிவோம்.

ஏ.டி.எச்.டி. கதையும் புதிதல்ல. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவு குறையாமலே கட்டுப்பாடு இல்லாத பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1968இல் ஒரு பெயர், 1980இல் இன்னொன்று, 1987இல் இப்போதுள்ள பெயர். பெயர் மாறியதே தவிர, பிள்ளைகள் மாறவில்லை.

அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. இந்தியாவிலும் மருத்துவர்கள் அதையோ, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டையோதான் கையாள்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதில் இரண்டு பகுதி. ஒன்று, பிறரோடு பழகுவதிலும் தொடர்பு கொள்வதிலும் உள்ள மூன்று குறைகள். மூன்றுமே இருக்க வேண்டும். மற்றொன்று, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பிடிவாதம், ஒரே விஷயத்தில் அளவுமீறிய ஈடுபாடு, சத்தம் வெளிச்சம் தொடுகை போன்றவற்றில் அதிக அல்லது குறைந்த உணர்ச்சி என்ற நான்கில் குறைந்தது இரண்டு. ஆரம்பம் சின்ன வயதிலேயே இருக்க வேண்டும். 'ஆஸ்பெர்கர்' என்ற தனிப்பெயர் இந்தப் பதிப்பில் எடுக்கப்பட்டு, எல்லாம் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன.

ஏ.டி.எச்.டி.க்குக் கவனக்குறைவு அறிகுறி ஒன்பது, துறுதுறுப்பும் அவசரமும் சேர்ந்த அறிகுறி ஒன்பது. ஏதாவது ஒரு வரிசையில் ஆறு இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் என்றால் ஐந்து போதும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நான் முக்கியமாக நினைக்கிறேன். பள்ளியில் மட்டும் அடங்காதவன் என்றால் கோளாறு பள்ளியிலும் இருக்கலாம். வீட்டில் மட்டும் என்றால் வீட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் சமண மரபில் இதை அநேகாந்தம் என்பார்கள். ஒரு பொருளை ஒரே பக்கம் நின்று பார்த்து முடிவு கட்டாதே என்று. அதனால்தான் மருத்துவர் ஆசிரியரிடமும் ஒரு படிவத்தை நிரப்பிக் கேட்கிறார். பள்ளிக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து அந்தப் படிவத்தைப் பெற்றோரே நிரப்பிக் கொடுத்தால், பாதிக் கணக்குப் பொய்க்கணக்கு ஆகிவிடும்.

இன்னொரு செய்தி. 2013 வரை ஆட்டிசம் இருந்தால் ஏ.டி.எச்.டி. என்று தனியாக எழுதக்கூடாது என்பது விதி. இப்போது இரண்டும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. பழைய அறிக்கை வைத்திருக்கும் குடும்பங்கள், பிள்ளை பெரியவனாகியிருந்தாலும், மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சல்லடை வேறு, தராசு வேறு. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 'எம்-சாட்' என்று 20 கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு. விரலை நீட்டிக் காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, நீங்கள் பார்க்கும் பொருளைத் தானும் பார்க்கிறதா என்கிற மாதிரி. இது சல்லடை. இதில் தங்கியவர்கள் எல்லோருக்கும் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றே அர்த்தம். இப்போது செல்போனிலேயே கேள்விக்கு டிக் அடித்து "எனக்கும் ஏ.டி.எச்.டி." என்று சொல்லிக்கொள்கிற கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. சந்தேகம் வரலாம், தப்பில்லை. நிறுத்துப் பார்க்க வேண்டிய இடம் வேறு.

தராசு என்று சொன்னேன். வியாபாரிக்குத் தெரியும், எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் எடையை நம்பக்கூடாது. இந்த அளவுகோல்களில் பலவும் அமெரிக்கக் குழந்தைகளை வைத்து முத்திரை போட்டவை. ஏடாஸ் என்ற பெயர் பெற்ற சோதனையில் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடி, கேக் வெட்டுவதாகப் பாவனை செய்வது ஒரு பகுதி. சொப்பு வைத்துச் சோறாக்கி விளையாடுகிற குழந்தைக்கு இது ஒட்டுமா? அதே மாதிரி, பெரியவர்களை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காதே என்று சொல்லி வளர்க்கிற வீட்டில் 'கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை' என்பதை யோசித்துத்தான் எழுத வேண்டும். அனுபவமுள்ள மருத்துவர்கள் யோசிக்கவும் செய்கிறார்கள்.

இதற்காகவே நம் நாட்டில் ஓர் அளவுகோல் செய்தார்கள். அதுவும் நம் ஊரில்தான். 1984இல் செகந்திராபாத்தில் தொடங்கிய தேசிய மனவளர்ச்சிக் குறைபாட்டு நிறுவனம் உருவாக்கி 2009இல் வெளியான 'ஐசா' என்னும் இந்திய ஆட்டிச அளவுகோல் அது. (நிறுவனத்தின் பெயர் இப்போது நீபிட் என்று மாறிவிட்டது.) 40 கேள்விகள், ஆறு பிரிவுகள்: பழகும் விதம், உணர்ச்சி, பேச்சும் மொழியும், நடத்தை, புலன்கள், அறிவாற்றல். ஒவ்வொன்றுக்கும் எப்போதாவது என்றால் 1, எப்போதும் என்றால் 5. மொத்தம் 40இலிருந்து 200 வரை போகும். 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. அரசாங்கச் சான்றிதழுக்கு இந்த அளவுகோல்தான் செல்லும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பங்கெடுத்து, 2 முதல் 9 வயது வரையுள்ளவர்களுக்காக உருவான 'இன்க்ளென்' என்ற கருவியும் இருக்கிறது.

இனி நமக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலம். பேச்சுத் தாமதமானால் "மூணு மொழி கேட்டுக் குழம்பிப்போச்சு" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். சில பள்ளிகள் "வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று சொல்லிவிடுகின்றன. பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. இருக்கிற ஆட்டிசம் கூடுவதுமில்லை. ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தாத்தாவும் பாட்டியும் பேசும் மொழியை நிறுத்தினால், ஏற்கெனவே பேச்சுக் குறைந்த குழந்தைக்குக் காதில் விழும் பேச்சு இன்னும் குறையும், அவ்வளவுதான் மிச்சம். 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொல் இல்லை, அல்லது வந்த பேச்சு திடீரென்று நின்றுவிட்டது என்றால் எந்த மொழியானாலும் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். மூன்றாவது நிலைக்கு ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. சோதிப்பவருக்குத் தமிழ் தெரியாது. "இக்கட ரா" என்று கூப்பிடுவார். குழந்தைக்கு "இங்க வா" மட்டுமே தெரியும். அறிக்கையில் 'சொன்னதைக் கேட்பதில்லை' என்று ஏறிவிடும். என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு ஒரு தனியார் மையத்தில் இருபது நிமிஷத்தில் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். வீட்டில் என்ன மொழி என்றுகூடக் கேட்கவில்லை. ஆகையால் போகும்போதே குழந்தை எந்த மொழியிலாவது சொல்லும் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'தண்ணி'யும் 'வாட்டரு'ம் தனித்தனியாக எழுதினால் பரவாயில்லை. கட்டளைகளைத் தமிழில் நீங்கள் சொல்லலாமா என்று கேளுங்கள். ஆனால் குழந்தைக்கு உதவுகிறேன் என்று கையைக் காட்டியோ கண்ணால் ஜாடை செய்தோ சொல்லக்கூடாது, சோதனை கெட்டுவிடும். வீட்டில் சாப்பிடுவது, தம்பியோடு விளையாடுவது, கோபம் வந்து உருளுவது, இவற்றைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவர்கள் விரும்பிப் பார்க்கிறார்கள்.

வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் இடம் கிடைக்க வேண்டி பிறந்த தேதியை முன்னே தள்ளிப் போடும் வழக்கம் நம்மிடம் இருந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. ஒரே வகுப்பில் வயதில் இளைய பிள்ளைகளுக்கே ஏ.டி.எச்.டி. என்று அதிகம் முத்திரை விழுகிறது என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையன் ஆறு வயதுக்காரர்களோடு உட்கார முடியாமல் நெளிவது வியாதியல்ல. பள்ளிப் பதிவேட்டில் எதுவானாலும் மருத்துவரிடம் உண்மைத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்ப்பதும் கணிப்பின் ஒரு பாகம். பெயர் சொன்னால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். தூங்கும்போதே செய்கிற 'பெரா' சோதனை இதற்குத்தான். பார்வை, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, டான்சில் வீங்கிக் குறட்டை விட்டு இரவுத் தூக்கம் கெடுவது, சில வினாடி நினைவு விட்டுப்போகிற ஒருவகை வலிப்பு, எழுத்து வாசிப்பில் கற்றல் குறைபாடு, பயம், எல்லாமே கவனக்குறைவு வேஷம் போட்டு வரும். வலிப்புச் சந்தேகம் இருந்தால் மட்டும் இ.இ.ஜி. கேட்பார்கள். பெண் குழந்தைகள் விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். ஓடியாடிக் குழப்பம் செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை 'அமைதியானவள்' என்று ஆசிரியையே புகழ்ந்துவிடுவார். மதிப்பெண் சரிகிற எட்டாம் ஒன்பதாம் வகுப்பில்தான் சங்கதி வெளியே வரும்.

எங்கே போவது? பெங்களூர் நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகம், நம் நீபிட், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனம் எல்லாம் பெரிய இடங்கள். காத்திருப்பு நீளம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்கள் உண்டு, அங்கே கட்டணமில்லை. அறிக்கை வரும்வரை பேச்சுப் பயிற்சியையும் மற்றப் பயிற்சிகளையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. பயிற்சி ஆரம்பிக்க முத்திரைச் சீட்டு தேவையில்லை.

கடைசியாகச் சான்றிதழ். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. எனவே ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்குக் கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று தனியாகச் சோதித்துப் பார்ப்பது தேர்வுச் சலுகைகளுக்கு உதவும். சலுகைகளுக்கும் இடஒதுக்கீட்டுக்கும் பொதுவாக 40 சதவீதம் வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் 'நிராமயா' என்ற ஒரு லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் உண்டு. "கல்யாணம் காட்சி எல்லாம் இருக்கே, பேரைப் பதியணுமா?" என்று தயங்குகிறவர்கள், பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து வங்கிக் கணக்கு, காப்பாளர் என்று அலைகிறபோது வந்து கேட்கிறார்கள்.

ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. மாற்றலாகிப் போகிற நம் மாதிரிக் குடும்பங்கள் அசல் அறிக்கை, மதிப்பெண் போட்ட ஐசா படிவத்தின் நகல், காது சோதனைச் சீட்டு, ஆசிரியர் எழுதிய படிவம், சொல் எழுதிய அந்தத் தாள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதிவாரியாக வைத்துக்கொள்ள வேண்டும். புது ஊர் மருத்துவர் முதலில் கேட்பது அந்த ஃபைலைத்தான்.