வீடு திரும்பும் குழந்தையும் தாய்மொழிக் குறிப்பும்

கடும் நோயுற்ற குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள் பெற்றோர்க்கு மகிழ்ச்சியான நாள். எனினும், அன்றுதான் அவர்தம் பொறுப்பு முழுமையாகத் தொடங்குகிறது. நேற்றுவரை செவிலியர் செய்த பணிகளை இனித் தாயும் தந்தையும் பாட்டியும் செய்தாக வேண்டும். அதற்கு அவர்களை ஆயத்தம் செய்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உள்ளிட்ட பெரு நிலையங்களின் உழைப்பால், ஒருகாலத்தில் நம்பிக்கையற்றதெனக் கருதப்பட்ட இந்நோய் இன்று குணப்படுத்தத்தக்கதாயிற்று. ஆனால் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். முதற்சில மாதங்களுக்குப் பின் அதன் பெரும்பகுதி வீட்டில் உட்கொள்ளும் மாத்திரைகளாலேயே நடைபெறுகிறது.

அவற்றுள் இரண்டு முதன்மையானவை. மெர்காப்டோப்யூரின் நாள்தோறும் தரப்படுவது. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே தரப்படுவது. வாரத்திற்குரியதை நாள்தோறும் தந்துவிட்டால் வாய்ப்புண் உண்டாகும். குருதி அணுக்கள் குறையும். உயிருக்கே கேடு விளையும். இத்தகைய செய்தி டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், அதனைப் படிக்க இயலாத தாய்க்கு என்ன பயன்?

ஆகவே, வீடு திரும்புமுன் மூன்று செயல்கள் நிகழவேண்டும். முதலாவது, எந்த மருந்து, எந்தக் கிழமை, எத்தனை மாத்திரை என்பதைத் தமிழில் எழுதி வாங்குதல். இரண்டாவது, செவிலியர் முன்னிலையில் தாமே செய்து காட்டுதல். கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுதல். "புரிந்ததா?" என்னும் வினாவுக்குத் தலையசைப்பது எளிது, சொல்லிக் காட்டும்போதுதான் பிழை வெளிப்படும். மூன்றாவது, தாய் ஒருவர் மட்டுமன்றி வீட்டிலுள்ள மற்றொருவரும் இவற்றைக் கற்றல். தாய் நோயுற்றால் குழந்தையின் மருந்து நின்றுவிடலாகாது.

அபாய அறிகுறிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். இச்சிகிச்சையிலுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரநிலை. அருகில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. வீட்டிலோ அண்டையிலோ அம்மை கண்டாலும் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

செஞ்சிக் கோட்டையை அடுத்த வல்லம் போன்ற ஊரில் வாழ்வோர்க்குப் பெரிய மருத்துவமனை என்பது முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர், அல்லது சென்னை. நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் எங்கே செல்வது, யாரை அழைப்பது, கையில் எந்தச் சீட்டை எடுத்துச் செல்வது என்பனவற்றை முன்னரே முடிவு செய்தல் நலம். 108 ஊர்தி உண்டு. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் வழியாக இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இல்லம் தேடி வருகின்றன. இவற்றைக் கேட்டுப் பெறவும் குடும்பத்தினர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. தமக்கு அறிமுகமான வீட்டில் இத்தகைய குழந்தை இருப்பின், மருந்துக் குறிப்பை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுத் தெளிவான தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தரலாம். எழுதியதை அவர்களிடமே காட்டிச் சரிபார்த்தல் கட்டாயம். பெரியோர் வழித்துணையாகலாம். தமிழ் கற்றதன் பயன் மேடையோடு முடிவதன்று. ஒரு தாய் பிழையின்றி மருந்து தர உதவும் நான்கு வரிகளிலும் அது விளங்கும்.