பால்பல் பழுது: கருவிலேயே தொடங்கும் கதை

ஒன்றரை வயதுக் குழந்தையின் முன்பல்லில் சுண்ணாம்பு தீற்றினாற்போல ஒரு வெண்திட்டு. சில குழந்தைகளுக்குப் பல்லின் குறுக்கே மெல்லிய பள்ளம்; நாளடைவில் அது பழுப்பேறும். “மிட்டாய் கொடுத்தே கெடுத்துட்டே” என்று தாயைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் அந்தத் திட்டு, குழந்தை பிறக்கும் முன்பே விழுந்திருக்கலாம்.

கர்ப்பத்தின் நான்காம் மாதவாக்கில் பால்பற்களில் தாது படியத் தொடங்குகிறது. பல்லின் கடினமான மேலுறையான எனாமலை உருவாக்க, அமிலோபிளாஸ்ட் என்னும் செல்கள் முதலில் ஒரு புரதச் சட்டத்தைச் சுரக்கின்றன. பிறகு அந்தப் புரதத்தை அகற்றிவிட்டு, அங்கே கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் செறிக்கின்றன. முற்றிய எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுதான். பல் வெளியே வரும்போது இந்தச் செல்கள் அழிந்துவிடுகின்றன. முறிந்த எலும்பு கூடும். குறைபட்ட எனாமல் மறுபடி வளராது.

கர்ப்பத்தில் தாய்க்கு நீரிழிவு இருந்தால், அந்தச் சர்க்கரை இதில் எங்கே குறுக்கிடுகிறது? குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்துவிடும், தாயின் இன்சுலின் கடக்காது. ஆகவே சிசுவின் கணையமே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. கோபன்ஹேகன் மருத்துவர் யோர்கன் பீடர்சன் தந்த விளக்கம் இது. ஆனால் பல்லைப் பொறுத்தவரை முக்கியமானது பிறந்த முதல் மூன்று நாட்கள். நீரிழிவுத் தாய்மாரின் குழந்தைகள் சிலருக்கு அப்போது ரத்தத்தில் கால்சியமும் மக்னீசியமும் குறைகின்றன. அதே நாட்களில் ஈறுக்குள் பால்பற்களின் எனாமல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. நிரந்தர முதல் கடைவாய்ப் பல்லும் அப்போதுதான் தாது ஏறத் தொடங்குகிறது. இந்தக் குழந்தைகளின் பால்பற்களில் எனாமல் குறைபாடு கூடுதலாக இருப்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 1960களிலேயே பதிவு செய்தார்கள். நீரிழிவு உண்டாக்கிய எலிகளின் குட்டிகளிடமும் இதே பழுது தெரிந்தது.

எல்லா வெண்திட்டுக்கும் தாயின் சர்க்கரையே காரணமல்ல. குறைமாதப் பிறப்பும் இதைச் செய்யும். காரணம் எதுவானாலும் எனாமல் மெலிந்த பல்லில் சொத்தை சீக்கிரம் விழுகிறது.

தாயின் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் குழந்தைக்குக் கால்சியம் குறையும் வாய்ப்பும் குறைகிறது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்திய பரிசோதனை எளிது: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றில் வரவேண்டியதில்லை.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மார்களே, குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருந்ததை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஃபுளோரைடு பூச்சு தேவையா என்பதை அவர் அப்போதே முடிவுசெய்ய முடியும்.